மியன்மாரில் அரசியலுக்குப் புதிதாக வருபவர்களைப் பயிற்றுவிக்க: முதல்முறை போகிறவர்களுக்கு

2021 பிப்ரவரி 1, திங்கட்கிழமை. மியன்மாரின் தலைநகர் நேபிடோவில் அன்றைக்குப் புது நாடாளுமன்றம் கூட வேண்டும். முந்தைய நவம்பரில் ஜெயித்த உறுப்பினர்கள், அவர்களில் நிறையப் பேர் முதல்முறை ஜெயித்தவர்கள், அரசு விடுதிகளில் தங்கியிருந்தார்கள். விடிவதற்குள் ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது, ஜெயித்த கட்சியின் தலைவர் ஆங் சான் சூச்சியும் குடியரசுத் தலைவர் வின் மியின்ட்டும் கைதாகிவிட்டார்கள், விடுதிகளைச் சுற்றிப் படைவீரர்கள் நின்றார்கள். அதற்கு முந்தைய பத்து வருடங்களில் அந்த நாட்டில் பயிலரங்குகளுக்குக் குறைவே இருந்ததில்லை. அவையில் கேள்வி எழுப்புவது எப்படி, பிரச்சாரம் செய்வது எப்படி, கேமராவைப் பார்த்துப் பேசுவது எப்படி என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தோம். அந்தக் காலையில் கேள்வி எழுப்ப அவையே இல்லை.

இந்த வேலையை நான் யாங்கோனில் தொடங்கி, பிறகு தாய்லாந்து எல்லையில் மே சொட் பக்கம் தொடர்ந்து செய்தவன். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு பாடத்தையும் தயாரிக்கும்போது ஒரு கேள்வியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்வேன்: நாளைக்கே அந்தப் பதவி, அந்தக் கட்டடம், அந்தச் சட்டம் எல்லாம் இல்லாமல் போனால், இன்று நான் சொல்லிக்கொடுப்பதில் எது இவர்கள் கையில் மிஞ்சும்? கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

1. பாடத்திட்டத்துக்கு முன்னால் தேதிகள்

போவதற்கு முன் குறைந்தது ஒரு மாதமாவது அந்த நாட்டின் வரலாற்றைத் தேதியோடு படியுங்கள். "ராணுவ ஆட்சி, பிறகு ஜனநாயகம், மறுபடி ராணுவ ஆட்சி" என்கிற மூன்று வரிக் கதையை நம்பிப் போனால் முதல் நாளே மாட்டிக்கொள்வீர்கள்.

சில உதாரணங்கள் சொல்கிறேன். 1947 பிப்ரவரி 12 அன்று, சூச்சியின் அப்பாவும் விடுதலைத் தலைவருமான ஆங் சான், ஒரே நாடாகச் சேருவதற்கு ஷான், கச்சின், சின் இனத் தலைவர்களோடு பாங்லாங் என்ற ஊரில் ஒப்பந்தம் போட்டார், கரென் இனத் தரப்பு அதில் கையெழுத்திடவில்லை. அதே வருடம் ஜூலை 19 அன்று ஆங் சான் கொல்லப்பட்டார். 1949 ஜனவரியில் கரென் மக்களின் ஆயுதப் போராட்டம் தொடங்கிவிட்டது. 1962-இல் கூட்டாட்சி பற்றி யாங்கோனில் ஒரு கருத்தரங்கு நடந்துகொண்டிருந்தது, அது முடிவதற்குள் மார்ச் 2 அன்று ஜெனரல் நே வின் ஆட்சியைக் கவிழ்த்தார். "ஃபெடரல்" என்ற சொல்லைச் சொன்னாலே நாட்டை உடைக்கப் பார்க்கிறான் என்று பல பத்தாண்டுகள் ராணுவம் சொல்லிவந்ததற்கு இதுதான் பின்னணி. உங்கள் வகுப்பில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் அந்தச் சொல்லைக் குரலைத் தாழ்த்திச் சொன்னால் ஏன் என்று அப்போது புரியும்.

2008 அரசியலமைப்பைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள். நர்கிஸ் புயல் லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அதே மே மாதத்தில் அதற்கு வாக்கெடுப்பு நடத்தினார்கள். நாடாளுமன்ற இடங்களில் 25 சதவீதம் ராணுவத்துக்கு. எந்தப் பிரிவைத் திருத்தவும் 75 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், தேர்தலில் மற்ற எல்லா இடத்தையும் ஒரே கட்சி ஜெயித்தாலும் ராணுவம் சம்மதிக்காமல் ஒரு வரியை மாற்ற முடியாது. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் மூன்றுக்கும் அமைச்சர்கள் தலைமைத் தளபதி சொல்பவர்கள்தான். இதன் கீழ்தான் 2012 இடைத்தேர்தலில் சூச்சியின் கட்சி 45 இடங்களில் 43-ஐ ஜெயித்தது, 2015 தேர்தலில் வென்று 2016-இல் ஆட்சிக்கும் வந்தது.

இன்னொன்று. 2011 மார்ச்சில் தெய்ன் செய்ன் பதவியேற்றுச் சீர்திருத்தம் தொடங்கியது. அதே 2011 ஜூனில், 17 வருடம் நீடித்த கச்சின் போர்நிறுத்தம் உடைந்தது. சீர்திருத்தமும் போரும் மூன்று மாத இடைவெளியில் தொடங்கின. யாங்கோன்காரர் ஒருவருக்கு 2011 நம்பிக்கையின் வருடம், கச்சின் மாநிலத் தலைநகர் மிச்சினாவிலிருந்து வந்தவருக்கு அது அகதி முகாமின் வருடம். இருவரும் உங்கள் முன்னால் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள்.

அதனால் முதல் நாள் காலையில் நான் எப்போதும் செய்வது ஒன்று. சுவர் நீளத்துக்குச் சார்ட் பேப்பரை ஒட்டி நடுவில் ஒரு கோடு போடுங்கள். 1947-இலிருந்து இன்று வரை. ஒவ்வொருவரும் எழுந்து வந்து தன் குடும்பத்தையோ ஊரையோ மாற்றிய இரண்டு தேதிகளை எழுத வேண்டும். யாரும் விளக்கம் கேட்கக் கூடாது, வாதாடக் கூடாது, எழுதி முடித்ததும் எல்லோரும் நடந்துபோய்ப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், இரண்டு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

2017 ஆகஸ்டை யாருமே எழுதாமல் போகக்கூடும். அன்றிலிருந்து ராணுவத் தாக்குதலுக்குத் தப்பி, முஸ்லிம் சிறுபான்மையினரான ரோஹிங்யாக்கள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள், அப்போது பர்மிய அரசியல்வாதிகளில் பெரும்பாலோர் வாயைத் திறக்கவில்லை, பலர் ராணுவத்தின் பேச்சையே திருப்பிச் சொன்னார்கள். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, 2021 ஜூனில்தான் ராணுவத்துக்கு எதிராக அமைந்த மாற்று அரசான தேசிய ஒற்றுமை அரசு அவர்களை ரோஹிங்யா என்று பெயர் சொல்லி அழைத்து, அவர்களுக்குக் குடியுரிமை கிடைக்காமல் செய்த 1982 குடியுரிமைச் சட்டத்தை நீக்குவதாக அறிவித்தது. அந்த இடம் காலியாக இருந்தால் பயிற்றுநராக நீங்களே போய்த் தேதியை எழுதுங்கள், பிரசங்கம் வேண்டாம். சிலருக்குக் கோபம் வரும். முதல் நாள் வந்தால் நல்லது, கடைசி நாள் வந்தால் பேச நேரம் இருக்காது.

2. யாரைக் கூப்பிடுவது

இதில் செய்யும் தப்பைப் பிறகு திருத்தவே முடியாது. சீர்திருத்தக் காலத்தில் யாங்கோன் ஹோட்டல்களில் நடந்த பயிற்சிகளில் ஒரே முகங்கள் திரும்பத் திரும்ப வந்தன, ஏனென்றால் விண்ணப்பப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலம் தெரிந்தவர் வேறு, ஊரில் பத்துப் பேர் தேடி வந்து யோசனை கேட்கிறவர் வேறு. படிவத்தை எடுத்துவிடுங்கள். கட்சிக் கிளையிடம் கேளுங்கள், அங்கேயே நிற்காமல் சர்ச்சில், மடத்தில், ஆசிரியர் சங்கத்தில், ராணுவ ஆட்சியை எதிர்த்து வேலையைவிட்டு ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்த நர்ஸ்களிடம் கேளுங்கள். "உங்கள் ஊரில் சண்டை வந்தால் யாரைப் போய்ப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டால் போதும். மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னால் அவர்தான் ஆள்.

ஒரு அமைப்பிலிருந்து ஒருவரை மட்டும் அழைக்காதீர்கள், இருவராக அழையுங்கள். தனியாகக் கற்றுக்கொண்டு திரும்புகிறவர் தன் தலைவர் முன்னால் தனியாக நிற்கிறார், அவரால் எதையும் மாற்ற முடிவதில்லை. இருவர் இருந்தால் ஒருவர் ஆரம்பிக்க மற்றவர் ஆமோதிப்பார்.

பெண்கள். 2015-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் சுமார் 13 சதவீதம்தான் பெண்கள், ஊர் மட்டத்து நிர்வாகிகளில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் 2021-க்குப் பிறகு முகாம்களில் சமையல், பள்ளிக்கூடம், மருந்துப் பங்கீடு என்று உண்மையில் நிர்வாகம் செய்தவர்களில் பெண்களே அதிகம் என்பதை எல்லைக்கு வந்த எவரும் பார்க்கலாம். பாதிப் பேர் பெண்களாக இல்லாவிட்டால் தேதியைத் தள்ளிவையுங்கள். குழந்தையோடு வருகிறவருக்குப் பார்த்துக்கொள்ள ஆள், அதற்கான செலவு, இரண்டையும் பட்ஜெட்டில் முதலிலேயே எழுதுங்கள்.

3. மொழி, மரியாதை, முகதாட்சண்யம்

பர்மியம் எல்லோருக்கும் பொதுவாகப் புரியும் மொழிதான், எல்லோருடைய மொழியும் அல்ல. சின் மாநிலத்திலிருந்து நான்கு பேர் வந்தால் அவர்களுக்குள்ளேயே நான்கு மொழி இருக்கலாம். நல்ல மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. அவரை முந்தின நாள் முழுக்க உங்களோடு உட்கார வைத்து ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் என்ன சொல்லப்போகிறார் என்று கேளுங்கள். "பொறுப்புக்கூறல்" என்று நீங்கள் சொன்னதை அவர் "பொறுப்பு" என்று மட்டும் சொன்னால், பதவிக்காரர் பொறுப்பானவராக இருக்க வேண்டும் என்றுதான் வகுப்புக்குப் போய்ச் சேரும், கணக்குச் சொல்ல வேண்டும் என்ற மறுபாதி வழியிலேயே விழுந்துவிடும்.

பாடக் குறிப்புகளை அனுப்பும்போது எழுத்துரு விஷயத்தைக் கவனியுங்கள். நாடு 2019 அக்டோபரில் யூனிகோடுக்கு மாறிவிட்டது, ஆனால் பழைய ஸாஜி எழுத்துருவில் இருக்கும் கோப்புகள் இன்னும் சுற்றுகின்றன. திறந்தால் எழுத்தெல்லாம் சிதைந்து கிடக்கும். பழைய டிஸ்கி, பாமினி கோப்புகளோடு மல்லுக்கட்டிய தமிழர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடாதீர்கள். வயதில் பெரிய ஆணுக்கு ஊ, பெண்ணுக்கு டோ, சமவயதுக்காரருக்குக் கோ, மா. உங்களைச் சயா என்பார்கள், பெண்ணாக இருந்தால் சயாமா, அதாவது ஆசிரியர். அண்ணன், அக்கா என்று பேசி வளர்ந்த நமக்கு இது சுலபம். ஆனால் அந்த "சயா"வில் ஒரு சிக்கல் இருக்கிறது, ஆசிரியர் சொன்னதை மறுத்துப் பேசுவது அவர்களுக்கு மரியாதைக் குறைவு. அதோடு ஆனாடே என்று ஒரு சொல் உண்டு, அடுத்தவர் மனம் நோகுமே, அவருக்குச் சிரமமாகுமே என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொள்வது. நம் முகதாட்சண்யம்தான், இன்னும் கொஞ்சம் ஆழமாக. "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்படிக் கேட்கவே கேட்காதீர்கள். சின்னச் சீட்டுகளைக் கொடுத்துப் பெயர் எழுதாமல் "இன்று எது உங்கள் ஊருக்குப் பொருந்தாது?" என்று எழுதச் சொல்லுங்கள். மறுநாள் காலையில் அந்தச் சீட்டுகளைப் படித்து, "நேற்று நான் சொன்னது தப்பு, இவர் எழுதியதுதான் சரி" என்று ஒன்றையாவது ஒப்புக்கொள்ளுங்கள். ஆசிரியரையே திருத்தலாம் என்று கண்ணால் பார்த்தவர்தான் நாளைக்குத் தலைவரைத் திருத்துவார்.

தமிழராகப் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. 1930-களின் பெருமந்தத்தில் கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களில் சுமார் கால்பங்கு, கடன் கொடுத்திருந்த செட்டியார்கள் கைக்குப் போனது. அந்த நினைவு அங்கே இன்னும் அழியவில்லை. 1960-களில் லட்சக்கணக்கான இந்தியர்கள், நம்மவர்கள் உட்பட, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேற நேர்ந்ததும் அதே வரலாறுதான். யாராவது பேச்சை எடுத்தால் நம் பக்க வலியை மட்டும் சொல்லிவிட்டு நகராதீர்கள், இரண்டையும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அவர்கள் தங்கள் இனத்தின் தப்பைப் பற்றிப் பேசும் விதமே மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

4. என்ன சொல்லிக்கொடுப்பது

மேடைப்பேச்சுக்கு அரை நாள் போதும். மீதியை இந்த மூன்றுக்குக் கொடுங்கள்.

முதலாவது, பணம். சீர்திருத்தக் காலத்தில் நாட்டின் 330 டவுன்ஷிப்கள் (தாலுகா போன்ற நிர்வாகப் பகுதிகள்) ஒவ்வொன்றுக்கும் 10 கோடி சாட் (மியன்மார் நாணயம்) தொகுதி மேம்பாட்டு நிதி இருந்தது, அந்தப் பகுதி உறுப்பினர்கள் சேர்ந்து எந்த ரோடு, எந்தக் கிணறு என்று முடிவுசெய்வார்கள். இன்றும் அதையே பயிற்சியாக வைக்கலாம். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஆளுக்கொரு ஊரின் கோரிக்கைப் பட்டியலைக் கொடுத்து, கோரிக்கை பணத்தைவிட மூன்று மடங்கு இருக்கும்படி வைத்து, மதியத்துக்குள் முடிவுசெய்யச் சொல்லுங்கள். முடிவு வந்ததும்தான் பாடமே ஆரம்பிக்கிறது. கிணறு கிடைக்காத ஊர்க்காரராக நீங்கள் எழுந்து நின்று, "ஏன் எங்களுக்கு இல்லை?" என்று கேட்க வேண்டும், அவர்கள் தங்கள் காரணத்தை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "மேலிடம் முடிவுசெய்தது" என்று சொன்னால் திரும்பவும் முதலிலிருந்து.

இரண்டாவது, அதிகாரம் உண்மையில் எங்கே இருக்கிறது என்று வரைவது. ஒரு பாலத்தைப் பழுதுபார்க்க யார் யார் கையெழுத்து வேண்டும் என்று வரையச் சொல்லுங்கள். உறுப்பினர், அமைச்சர் என்று ஆரம்பிப்பார்கள், ஆனால் கடைசியில் எல்லாக் கோடும் பொது நிர்வாகத் துறையில் போய் முட்டும். கிராமம் வரைக்கும் கைநீளும் அந்தத் துறை நெடுநாள் ராணுவத்தின் பிடியில் இருந்த உள்துறையின் கீழ் இருந்தது, 2018 கடைசியில்தான் சிவில் அரசின் கைக்கு மாற்ற முடிவானது, ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு மறுபடி உள்துறைக்கே போனது. ஆயுதக் குழுக்கள் ஆளும் பகுதியிலிருந்து வருகிறவர்களும் இதையே வரையட்டும். அப்படி ஒரு குழுவான கரென் தேசிய ஒன்றியத்துக்குக் கல்வி, சுகாதாரம், காடு என்று தனித்தனித் துறைகளே உண்டு. அங்கே ஒரு பள்ளிக்கு ஆசிரியரைப் போட யார் முடிவுசெய்கிறார், தளபதி வேண்டாம் என்றால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு அறையில் உடனே பதில் வராது, காத்திருங்கள். அப்புறம் அதையே நாடகமாக நடிக்க விடுங்கள்: மருத்துவமனை ஜெனரேட்டருக்கு வைத்திருக்கும் டீசலை ஒரு தளபதி கேட்கிறார், நிர்வாகி என்ன சொல்ல வேண்டும்? நான் கொடுத்த பயிற்சிகளில் இதைத்தான் பலர் பிறகு நினைவில் வைத்திருந்தார்கள்.

மூன்றாவது, தன் கட்சிக்குள்ளேயே மறுத்துப் பேசுவது. 2015 தேர்தலுக்கு மூன்று நாள் முன் சூச்சி செய்தியாளர்களிடம், தான் குடியரசுத் தலைவருக்கும் மேலே இருப்பேன் என்று சொன்னார், மறுவருடம் அவருக்காகவே அரச ஆலோசகர் என்ற பதவியும் வந்தது. அவருடைய தியாகத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை, அரசியலமைப்பு அவரைக் குடியரசுத் தலைவராக விடாமல் தடுத்த விதமும் அநியாயம்தான். ஆனால் ஒரே ஆளைச் சுற்றி எல்லாம் இருந்த கட்சியில் முதல்முறை உறுப்பினர் ஒருவர் கேள்வி கேட்டுப் பழகவே இல்லை, அது அந்தப் பத்து வருடத்தின் பெரிய நஷ்டம் என்று நினைக்கிறேன். எனவே கூட்டம் நடத்தப் பழக்குங்கள். ஒரு மணி நேரம், இருபது பேர், மூன்று தீர்மானம், ஒருவர் தலைமை, ஒருவர் குறிப்பு எடுக்க வேண்டும், ஒவ்வொரு தீர்மானத்துக்கும் எதிராக ஒருவராவது காரணத்தோடு பேச வேண்டும், தோற்றவர் கருத்தும் குறிப்பில் ஏற வேண்டும். தினமும் ஒருமுறை, வேறு வேறு ஆள் தலைமையில். ஐந்தாம் நாள் கூட்டத்தையும் முதல் நாள் கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

5. பாதுகாப்பு

ஃபியோ ஸேயா தோ ஹிப்ஹாப் பாடகர். அரசியலுக்காகச் சிறைக்குப் போனார், 2012 இடைத்தேர்தலில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார். நாம் "வளரும் தலைவர்" என்கிறோமே, அப்படிப்பட்ட ஆள். 2022 ஜூலையில் ராணுவம் அவரையும் வேறு மூவரையும் தூக்கிலிட்டது. உங்கள் வகுப்புக்கு வருகிறவர் எதைப் பணயம் வைத்து வருகிறார் என்பதற்கு இதைவிட நான் சொல்ல ஒன்றும் இல்லை.

வருகைப் பதிவேட்டில் உண்மைப் பெயர் எழுத வேண்டாம், எண் போதும். நிதி கொடுப்பவர்கள் கையெழுத்தும் போட்டோவும் கேட்பார்கள், ஒப்பந்தம் போடும்போதே முடியாது என்று சொல்லி எழுதி வாங்குங்கள், பிறகு பேசிப் பயனில்லை. என் ஆரம்ப நாட்களில் ஒரு பயிற்சியின் குழுப் படம், நான் வேலைசெய்த அமைப்பின் பக்கத்தில் இரண்டு நாள் கிடந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ஆனால் அந்த இரண்டு இரவும் தூங்கவில்லை. வழியில் சோதனைச் சாவடிகளில் போனை வாங்கிப் பார்ப்பார்கள், ஆகவே பயிற்சி தொடர்பான எதையும் போனில் எடுத்துப்போகச் சொல்லாதீர்கள். 2025 ஜனவரியில் வந்த இணையப் பாதுகாப்புச் சட்டத்தில் அனுமதியில்லாமல் விபிஎன் சேவை நடத்துவதும் குற்றம், எனவே "விபிஎன் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. எந்த வழியில் வருவது, எப்போது திரும்புவது என்பதை அவர்களே முடிவுசெய்யட்டும், கடைசி நிமிடத்தில் ஒருவர் வரவில்லை என்றால் காரணம் கேட்காதீர்கள்.

ஆன்லைன் வகுப்பு என்றால் வீடியோ வேண்டாம், பதிவு செய்ய வேண்டாம். மின்சாரமும் இணையமும் எப்போது போகும் என்று தெரியாது, பத்துப் பத்து நிமிட ஒலித்துண்டுகளாக அனுப்பினால் சிக்னல் இருக்கும்போது இறக்கிக் கேட்பார்கள்.

ஆயுதம், படை நகர்வு, இதெல்லாம் உங்கள் வகுப்பில் பேச்சாகக்கூட வரக் கூடாது. அதை முதல் நாளே விதியாகச் சொல்லிவிடுங்கள், எல்லாத் தரப்புக்கும் ஒரே விதி.

துக்கமும் வரும். பயிற்சி நடக்கும்போதே ஊரில் குண்டு விழுந்த செய்தி வரும். வகுப்பை நிறுத்துங்கள். ஆறுதல் சொல்லத் தெரியாவிட்டால் டீ போடுங்கள், கூட உட்காருங்கள். அட்டவணை என்ன ஆகும் என்று அப்போது யோசிக்க வேண்டாம்.

6. முடிந்த பிறகு

சான்றிதழ் கொடுக்காதீர்கள், சாவடியில் அது சாட்சியாகிவிடும். மூன்று மாதம் கழித்து ஒருமுறை, வருடம் கழித்து ஒருமுறை, பாதுகாப்பான வழியில் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: கூட்டம் நடத்தினீர்களா, கணக்கை ஊருக்குப் படித்துக் காட்டினீர்களா? மதிப்பீட்டுப் படிவம் பத்துப் பக்கம் அனுப்பினாலும் அதற்குமேல் உங்களுக்கு ஒன்றும் தெரியவராது.

வேறு வேறு இனத்தவர்களை ஜோடியாக்கி, பயிற்சிக்குப் பிறகும் மாதம் ஒருமுறை அவர்களுக்குள் பேசிக்கொள்ள வழிசெய்யுங்கள். கரென்னி (கயா) மாநிலத்தில் 2023 ஜூனில் கட்சிக்காரர்களும் ஆயுதக் குழுக்களும் மக்கள் அமைப்புகளும் சேர்ந்து இடைக்கால நிர்வாகக் கவுன்சில் அமைத்தார்கள், போர் நடந்துகொண்டிருக்கும்போதே. அப்படி ஒரு மேசையைச் சுற்றி உட்காருவதற்குச் சட்டத்தைவிட, முன்பே ஒருவரையொருவர் தெரிந்திருப்பதும் தோற்ற பிறகும் அதே மேசைக்குத் திரும்பி வரும் பழக்கமும்தான் வேண்டும். ஐந்து நாளில் நம்மால் கொடுக்க முடிவது அதன் ஆரம்பத்தைத்தான்.

கடைசியாக, கிளம்பும் நாளில் செய்ய வேண்டியது. சுவரில் ஒட்டிய அந்தத் தேதிக் காகிதத்தைப் படம் எடுக்க ஆசையாக இருக்கும், எடுக்காதீர்கள். எல்லோரும் சேர்ந்து கழற்றிக் கிழித்து எரியுங்கள், சீட்டுகளையும் சேர்த்து. விமான நிலையத்துக்குப் போகும் வழியிலேயே உங்கள் போனில் இருக்கும் எண்கள், உரையாடல்கள், வரைபடங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் சக பயிற்றுநரின் போனையும் வாங்கி ஒருமுறை சரிபாருங்கள்.